விரலை எடுக்காதீங்க!

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கீபோர்டு தூங்கிக்கொண்டிருக்கலாம். பிள்ளையை சம்மர் கிளாஸில் சேர்த்தபோது வாங்கியது. 'ஹேப்பி பர்த்டே' வாசித்தான். 'ஜன கண மன' வாசித்தான். பத்தாம் வகுப்பு வந்தது. கீபோர்டு பரணுக்குப் போனது. பாதி வீடுகளில் இதே கதைதான், குறை சொல்ல நான் வரவில்லை.

கொஞ்சம் விலை கூடிய கீபோர்டுகளிலும் சிந்தசைஸர்களிலும், நம்மில் பலர் தொட்டே பார்க்காத சில பட்டன்கள் உண்டு. பாலி, மோனோ, லெகாட்டோ, போர்ட்டமெண்டோ என்று எழுதியிருக்கும். கடைசியில் சொன்னதைச் சில கம்பெனிகள் 'கிளைடு' என்கின்றன. 'இசை வகுப்பா? ஆளை விடுங்க சார்!' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த பட்டன்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அது உங்கள் வீட்டுக் கேள்வி, ஆபீஸ் கேள்வி, ஊர்க் கேள்வியும்கூட.

'ஸ' கட்டையை அமுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். ஒலித்துக்கொண்டிருக்கிறது. விரலை எடுக்காமலேயே 'ப' கட்டையையும் அமுக்குகிறீர்கள். இப்போது அந்தப் பழைய 'ஸ' என்ன ஆக வேண்டும்?

புதிதாக ஒருத்தர் வரும்போது, ஏற்கெனவே இருக்கிறவர் என்ன ஆக வேண்டும்? அவ்வளவுதான் கேள்வி. மருமகள் வந்த வீடு, புது மேனேஜர் வந்த ஆபீஸ், புது மெஷின் வந்த பட்டறை... யோசித்துப் பாருங்கள்.

பாலி சொல்லும் பதில் ரொம்ப எளிது. 'ரெண்டு பேரும் ஒலிக்கட்டுமே!'

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், இந்தப் பெருந்தன்மை அந்த மெஷினுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ராபர்ட் மூக் என்ற அமெரிக்கர் 1964-ல் சிந்தசைஸரை உருவாக்கியபோது, அது ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். 1968-ல் வெண்டி கார்லோஸ் அதை வைத்து பாக்கின் இசையை ஆல்பமாகப் போட்டார். ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக வாசித்து, பதிவுசெய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்தது. 1978-ல் வந்த 'புராஃபெட்-5' ஐந்து சுரங்களைச் சேர்த்து ஒலித்தது. 1983-ல் யமஹாவின் டிஎக்ஸ்-7 பதினாறு. இன்றைக்கு 64, 128 என்று போகிறது.

எத்தனை குரல் கொடுத்தாலும் ஓர் எல்லை இருக்கத்தான் செய்கிறது. ஐந்து குரல் கீபோர்டில் ஆறாவது கட்டையை அமுக்கினால்? அது மறுப்பதில்லை. புதியவருக்கு உடனே இடம் கொடுத்துவிடும். ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பதில் ஒன்றைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு! இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் 'வாய்ஸ் ஸ்டீலிங்'. குரல் திருட்டு. பெயர் வைத்தவர் மனசாட்சி உள்ளவர்!

எதை நிறுத்துவது? பெரும்பாலும் எது பழசோ அதை. அல்லது எது மெல்லிசாக ஒலிக்கிறதோ அதை.

இப்போது கூட்டுக் குடும்பத்து ஹாலை நினைத்துப் பாருங்கள். பாட்டி ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகன் ஆபீஸ் சமாசாரத்தோடு வருகிறான். பேரன் செல்போனோடு வருகிறான். டி.வி. தானாக வந்து சேருகிறது. 'பாட்டி, நீ வாயை மூடு' என்று யாருமே சொல்லவில்லை. ஆனால், பாட்டியின் குரல் நின்றுபோய்விட்டது. பழசு, மெல்லிசு என்று இரண்டு தகுதியும் அவளுக்கு இருந்தது.

இந்தத் திருட்டில் திருடன் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. இடம் இல்லை, அவ்வளவுதான். அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை.

நல்ல சிந்தசைஸர் செய்கிறவர்கள் இதில் ஒரு நுட்பம் வைத்தார்கள். பழையது என்றாலும், எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கிற சுரத்தை மட்டும் திருடாமல் காப்பாற்றும்படி சில கருவிகளை அமைத்தார்கள். ஏனென்றால், மேலே கட்டியிருக்கும் எல்லாம் அந்த அடிச் சுரத்தின் மேல்தான் நிற்கிறது. அது நின்றால் மற்ற நாலும் அந்தரத்தில் தொங்கும். ஆக, இடம் பற்றாதபோது 'எது பழசு?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எதன் மேல் எது நிற்கிறது?' என்றும் கேட்டாக வேண்டும். மெஷினுக்கே இது தெரிந்திருக்கிறது!

அடுத்தது, மோனோ. 'ஒரு நேரத்தில் ஒரே குரல். யார் அந்த ஒருத்தர் என்று சொல்லுங்கள்.'

இதில் மூன்று கட்சிகள் உண்டு. 1970-ல் வந்த மினிமூக்கில், இரண்டு கட்டைகளை அமுக்கினால் கீழ்ச் சுரம்தான் ஒலிக்கும். வேறு சில கருவிகளில் மேல் சுரத்துக்கு முதல் மரியாதை. மூன்றாவது கட்சி, 'கடைசியாக யார் வந்தாரோ அவர்'. இன்றைக்குப் பெரும்பாலும் செல்லுபடியாவது இதுதான். நம் வீடுகளிலும் மூன்று கட்சிகளுமே உண்டு. தாத்தா பேச்சே முடிவு என்ற வீடு, குரல் உயர்த்தியவர் ஜெயிக்கிற வீடு, 'கடைசியா அவர் காதுல யார் ஓதினாங்களோ அவங்க சொன்னதுதான்' என்கிற வீடு.

கடைசியாக வந்தவருக்கே இடம் என்றால் அநியாயமாகப் படுகிறது, இல்லையா? ஆனால், அதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். 'ஸ'வை அமுக்கிப் பிடித்துக்கொண்டே 'ப'வை அமுக்குகிறீர்கள். 'ஸ' மௌனமாகிறது. 'ப' ஒலிக்கிறது. இப்போது 'ப'விலிருந்து விரலை எடுங்கள். 'ஸ' மறுபடி ஒலிக்கும்! ஏனென்றால், அந்த விரல் கட்டையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

ரிட்டயர்டு அப்பாக்கள் சிலர் இந்த வகை. கடையைப் பையனிடம் கொடுத்துவிட்டு, ஓரமாக நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டார். பையன் ஊருக்குப் போன அன்றைக்கு, ஒன்றுமே நடக்காத மாதிரி கல்லாவில் வந்து உட்காருவார். விட்டுக்கொடுத்தார், விட்டுவிட்டுப் போகவில்லை. 'சரி, இனி எல்லாம் நீயே பாத்துக்க' என்று கோபித்துக்கொண்டு திண்ணைக்குப் போனவரின் மௌனம் வேறு. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மௌனம்தான். விரல் கட்டையில் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது, லெகாட்டோ. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

சிந்தசைஸரில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பிறப்பு உண்டு. அமுக்கியதும் ஒரு வேகத்தோடு எழும். அதற்கு 'அட்டாக்' என்றே பெயர். பிறகு கொஞ்சம் தணிந்து, ஒரு நிலையில் நிற்கும். சாதாரண மோனோவில் ஒவ்வொரு புது சுரமும் அட்டாக்கோடுதான் நுழையும். லெகாட்டோவில் அப்படியில்லை. முந்தைய விரல் எழுவதற்கு முன்பே அடுத்த விரல் விழுந்தால், புது சுரத்துக்குத் தனியாக அட்டாக் கிடையாது. முந்தைய சுரம் எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையிலிருந்து இது தொடரும்.

ஆபீஸுக்குப் புது அதிகாரி வருகிறார். முதல் நாளே மேஜைகளைத் திருப்பிப் போடுகிறார். ரிஜிஸ்டர் மாறுகிறது, டீ வருகிற நேரம்கூட மாறுகிறது. எல்லாம் அட்டாக்! இன்னொருவர் வருகிறார். மூன்று மாதம் எதையும் தொடவில்லை. முன்னவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் போகிறார். ஆள் மாறியதே யாருக்கும் தெரியவில்லை.

உடனே, 'லெகாட்டோதான் நல்லது' என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். ஓர் ஆபத்து இருக்கிறது. முந்தைய சுரம் ஏற்கெனவே தேய்ந்து, முனகல் அளவுக்கு வந்திருந்தால், புது சுரமும் அதே முனகலில்தான் தொடங்கும். முழுக்கத் தேய்ந்திருந்தால், கட்டையை அமுக்குகிறீர்கள்... சத்தமே வராது. தாத்தா ஆரம்பித்த பிரஸ், அப்பா நடத்திய பிரஸ், பேரன் கையில் அப்படியே நின்றுபோனது என்றால் இதுதான் காரணம். மரபை வாங்கிக்கொண்டான், தன்னுடைய அட்டாக் என்று ஒன்றைக் கொடுக்கவே இல்லை. தேய்ந்து போனதைத் தொடர்வதற்குப் பெயர் மரியாதை இல்லை. அங்கே விரலை ஒருமுறை எடுத்துவிட்டு, புதிதாக அமுக்கத்தான் வேண்டும்.

கடைசி பட்டன், கிளைடு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போவது.

நம் காதுக்கு இது புதிதில்லை. கர்நாடக இசையில் 'ஜாரு' என்கிறோம். நாதஸ்வரக்காரர் உதட்டாலும் மூச்சாலும் விரலாலும் இழைப்பது, உருமியில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் முனகல், ஒப்பாரி வைக்கும் பாட்டியின் குரல் சரிவது... எல்லாமே கிளைடுதான். அதனால்தான் ஹார்மோனியம் வந்தபோது அவ்வளவு சண்டை. 'கட்டைக்குக் கட்டை தாவுகிறதே தவிர, கமகம் எங்கே?' என்று கேட்டார்கள். அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971 வாக்கில்தான் அது தளர்ந்தது. பிறகு கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை மாற்றியமைத்து கமகம் பேச வைத்தார். 'கீபோர்டு சத்யா' என்று அறியப்படும் கே.சத்யநாராயணன், கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி ராகம் வாசிக்கிறார். ஏ.ஆர்.ரஹ்மான் 'கான்டினம்' என்று, கட்டைகளே இல்லாத ஒரு வாத்தியத்தைக் கையில் எடுத்தார். 2009-ல் வந்த 'டெல்லி-6' படத்தில் அது ஒலிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மூக் பள்ளிப் பருவத்தில் செய்து பழகியது தெரமின் என்ற கருவியை. 1920 வாக்கில் ரஷ்யாவில் பிறந்தது அது. தொடாமலே காற்றில் கையை அசைத்து வாசிக்க வேண்டும். அதில் எல்லாமே கிளைடுதான். ஒரு சுரத்தில் நிற்பதுதான் கஷ்டம்! கீபோர்டில் எல்லாமே படிகள், நகர்வதுதான் கஷ்டம். மனிதர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. நகராதவர்கள், நிற்காதவர்கள்.

கிளைடில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில கருவிகளில், பக்கத்துச் சுரத்துக்குப் போனாலும் எட்டு சுரம் தாண்டிப் போனாலும் ஒரே நேரம்தான் எடுக்கும். வேறு சிலவற்றில் வேகம்தான் ஒன்று. தூரம் அதிகமானால் நேரமும் அதிகமாகும்.

தர்மபுரி மாவட்டம் கடத்தூரிலிருந்து ஒரு பெண், சென்னையில் இன்ஜினீயரிங் காலேஜில் சேருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைச் சந்தைக்குப் பேர்போன சின்ன பேரூராட்சி. வீட்டில் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பக்கத்து பெஞ்சில் அண்ணா நகர்ப் பெண். எல்.கே.ஜி-யிலிருந்தே ஆங்கிலம். இரண்டு பேருக்கும் முதல் செமஸ்டர் அதே ஆறு மாதம். ஒருத்தி அரைப் படி நகர்ந்தால் போதும். இன்னொருத்தி எட்டுப் படி ஏற வேண்டும். 'எல்லாருக்கும் ஒரே டைம்தானே கொடுத்தோம், இதுல என்ன அநியாயம்?' என்று காலேஜ் கேட்கும். கடிகாரத்தைப் பார்த்தால் நியாயம்தான். தூரத்தைப் பார்த்தால்?

ஒரே நேரம் கொடுப்பதும் சமத்துவம்தான். ஒரே வேகத்தை எதிர்பார்ப்பதும் சமத்துவம்தான். இரண்டையும் சேர்த்து ஒருத்தரிடம் கேட்க முடியாது என்பதை ஒரு சின்ன பட்டன் நமக்குச் சொல்கிறது.

இன்னொன்று. பல கருவிகளில் கிளைடு எப்போதும் நடக்காது. முந்தைய விரலை எடுப்பதற்கு முன் அடுத்த விரல் விழுந்தால்தான் வழுக்கும். எடுத்துவிட்டு அமுக்கினால் வெறும் தாவல். அதாவது, இரண்டும் ஒரு கணமாவது சேர்ந்து இருந்தால்தான் பாலம் உண்டு.

அதே கடத்தூருக்கே திரும்பவும் போவோம். அந்தப் பக்கம் மாரியம்மன் திருவிழாவைப் பண்டிகை என்பார்கள். பம்பை அடித்து சாமி அழைப்பார்கள். அந்த மாதிரி ஊர்களில் ராத்திரி மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி வைப்பதும் உண்டு. ஒரு காலத்தில் மெல்லிசைக் குழு என்றால் மேடை கொள்ளாது. வயலின், புல்லாங்குழல், கிடார், தபேலா என்று ஆள் ஆளாக உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கீபோர்டு வந்தது. ஒரே பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான குரல்கள். மோனோ, லெகாட்டோ, கொஞ்சம் கிளைடு போட்டால் நாதஸ்வரம் மாதிரியே இழைகிறது. ஒரு ஆள், ஒரு சம்பளம். மற்றவர்கள் மேடையிலிருந்து இறங்கினார்கள்.

இது தப்பா?

அந்த கீபோர்டு கலைஞரிடம் கேட்டுப் பார்த்தால் என்ன சொல்வார்? "நான் என்ன சார் பண்றது? கமிட்டியில ரேட்டைக் குறைக்கச் சொல்றாங்க. பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்தா வண்டி வாடகைக்கே சரியாப்போகுது. நானும் புள்ளகுட்டிக்காரன்தான்..." என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அதைவிடப் பெரிய உண்மை ஒன்று அவருக்குத் தெரியும். இப்போது சில மேடைகளில் அவரும் இல்லை. பென் டிரைவில் டிராக் ஓடுகிறது, பாடகர் மட்டும் நிற்கிறார். நேற்றைய புது சுரம், இன்றைக்குப் பழைய சுரம். வரிசை அவரையும் தொட்டுவிட்டது.

எனவே, யாரைத் திட்டுவது என்று தேடிப் பயனில்லை. புதியது வரத்தான் செய்யும். வந்தவர்களில் பலர் வயிற்றுக்காக வந்தவர்கள். கேட்க வேண்டியது வேறு. அவர் வந்தபோது, இரண்டு விரலும் ஒரு கணமாவது சேர்ந்து கட்டையில் இருந்தனவா? புல்லாங்குழல்காரர் எழுந்து போவதற்கு முன், கீபோர்டுக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இழைப்பு எங்கே தொடங்குகிறது, மூச்சு எங்கே விழுகிறது என்று கேட்டுக்கொண்டாரா? கேட்டிருந்தால், அவர் வாசிப்பில் அந்த மனிதர் கொஞ்சம் இருப்பார். கேட்காமலே உட்கார்ந்திருந்தால், அது வெறும் தாவல். ஓர் ஆளின் வித்தை அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

பெரிய புராணத்தில் ஒரு சம்பவம் வருகிறது. ஞானசம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசிப்பார். பாணருடைய சுற்றத்தார், 'இவர் யாழில் வாசிப்பதால்தானே அந்தப் பாட்டுக்குப் பெருமை' என்று பேசிவிட்டார்கள். பாணருக்கு அது பொறுக்கவில்லை. சம்பந்தரிடமே போய் முறையிட்டார். காரைக்காலுக்குப் பக்கத்தில் உள்ள தருமபுரத்தில் (நம் தர்மபுரி இல்லை!) சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். அது யாழின் நரம்புகளுக்குள் அடங்கவில்லை. பாணர் யாழையே உடைக்க ஓங்கிவிட்டார். சம்பந்தர் தடுத்து, யாழை வாங்கிக்கொண்டார். 'இந்தக் கருவிக்குள் எல்லாம் அடங்குமா? அடங்குகிற அளவுக்கு வாசியுங்கள்' என்கிற பொருள்பட ஆறுதல் சொன்னார். பாணர் கடைசி வரை அவரோடு யாழ் வாசித்துக்கொண்டே போனார்.

பாணருக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு. பாட்டை மாற்றச் சொல்வது, அல்லது யாழை உடைப்பது. சம்பந்தர் காட்டியது மூன்றாவது வழி. முழுக்க ஈடுகொடுக்க முடியாததும் கூடவே வரலாம். ஈடுகொடுக்கிற அளவுக்கு ஒலிக்கலாம்.

ஆனால், காலம் சம்பந்தர் இல்லையே. பிற்பாடு யாழ் நம்மிடமிருந்து மறைந்தது. நரம்பை மீட்டி இழைக்கும் வசதி வீணையில் இருந்ததும், யாழில் இல்லாததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நூற்றாண்டுகள் கழித்து, மட்டக்களப்புப் பக்கம் பிறந்த விபுலாநந்த அடிகள், பழைய நூல்களையும் கணக்கையும் வைத்து அதை மீட்கப் பாடுபட்டார். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்துவிட்டார். ஒரு கணம் விரலை வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைத் தேட, பிறகு ஓர் ஆயுளே தேவைப்படுகிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆர்கெஸ்ட்ரா பேசும்போதோ, சொந்த ஊர்ப் பண்டிகைக்கு நன்கொடை ரசீதோடு ஆள் வரும்போதோ ஒரு வார்த்தை கேளுங்கள். "கீபோர்டு இருக்கட்டும்ப்பா. கூட ஒரு புல்லாங்குழலோ நாதஸ்வரமோ வைக்க எவ்வளவு ஆகும்?"

சொல்லும் தொகை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ரசீதில் அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.